வலம் பழகிய கால்

திருமுல்லைவாயில்
6-2-94

சம்பந்தி வேம்புலியம்மாளுக்கு, கெங்கம்மாள் கும்பிட்டு எழுதுவது. நானும் உங்கள் மகள் பஞ்சவர்ணமும் பேத்தி கண்ணம்மாவும் தெய்வ புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். ஊத்துக்கோட்டையில் உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, சினை மாடு கன்று போட்டுவிட்டதா என்று எழுதவும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படியுங்கள். வேறு யாராவது சொல்லி உங்கள் காதில் விழுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். பஞ்சவர்ணம் விடியற்காலையில் ஓடுகிறாள்.

பதறாதீர்கள். கோயில் மதிலைச் சுற்றித்தான் ஓடுகிறாள். பெண் போலீசுக்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம். பத்தாவது பாஸானால் போதும், புருஷனை இழந்தவர்களுக்கு வயதில் சலுகை உண்டு என்று பக்கத்து வீட்டு ஜமீலா பேப்பர் பார்த்துச் சொன்னாள். ஓட்டத்தில்தான் நிறையப் பேரைக் கழித்துவிடுகிறார்களாம்.

என் பிள்ளை ஜெயராமன் காமாலையில் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. திதிக்கு வந்தபோது இவளுக்கு மறுகல்யாணம் பேசலாம் என்று நீங்கள் சொன்னதை நான் தப்பாக எடுக்கவில்லை. பெற்ற வயிறு அப்படித்தான் நினைக்கும். நாகப்பனும் நல்ல மனுஷன்தான், பெண்டாட்டியை இழந்தவர். ஆனால் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு இவள் மட்டும் வரட்டும் என்கிறாரே. அதை நினைத்து நினைத்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை. "வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா என்னையும் பாப்பாவையும் யாரும் பிரிக்க மாட்டாங்க அத்தே" என்றாள். ஆவணி வரைக்கும் பொறுங்கள். ஓட்டத்தில் தேறினால் அவள் இஷ்டம். தேறாவிட்டால் நானே புடவை எடுத்துக் கொடுத்து நாகப்பனுக்கு அனுப்பிவைக்கிறேன்.

முதல் நாள் பாதிச் சுற்றிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "இன்னாடி, அவ்ளோதானா உன் போலீசு" என்றேன். போர்வைக்குள்ளிருந்தே பதில் வந்தது. "மொதல்ல நீங்க அந்தப் பொகையிலைய வுடுங்க பாக்கலாம். அப்பால என்னைச் சொல்லுங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கன்னத்தில் குடியிருக்கிற புகையிலை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ ஓடுகிற அன்றைக்கு நான் போட மாட்டேன், நீ படுத்துக்கொண்டால் போடுவேன் என்று பந்தயம் கட்டிவிட்டேன். அன்றையிலிருந்து வாய் சும்மா இருக்கிறது. தலைவலி மண்டையைப் பிளக்கிறது. அதை வைத்து அவள் ஓடுகிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பேத்தி உங்களைக் கேட்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
கெங்கம்மாள்


ஊத்துக்கோட்டை
21-2-94

சம்பந்தி அம்மாவுக்கு வேம்புலி எழுதியது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். மாடு கிடேரிக் கன்று போட்டது. முட்டிவலி போன வருஷம் இருந்த மாதிரியே இருக்கிறது.

பிள்ளை பெற்றவள், தாலி அறுத்தவள், தெருவில் ஓடுவதா. உங்கள் பக்கம் கேட்க ஆளே இல்லையா. சின்ன வயதில் கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர அவளை நாலு தடவை கூப்பிட வேண்டும். அவளாவது ஓடுவதாவது. மாசம் திரும்புவதற்குள் படுத்துக்கொள்வாள். நீங்கள் புகையிலையை வாங்கித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி என்றால் ஆவணிதான். அதற்கு மேல் ஒரு நாள் கேட்காதீர்கள். பேத்திக்கு என் முத்தம்.
வேம்புலியம்மாள்


திருமுல்லைவாயில்
17-4-94

சம்பந்தி அம்மாவுக்குக் கெங்கம்மாளின் கும்பிடு. வெயில் கொளுத்துகிறது. மற்றபடி மூன்று பேரும் நலம். கிடேரி என்று படித்ததும் சந்தோஷம். சீம்பாலுக்கு வர முடியவில்லை.

நான் புகையிலை வாங்கவில்லை. உங்கள் மகள் படுத்துக்கொள்ளவில்லை.

ஆரம்பத்தில் நான் தலையில் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது. இப்போது நான் இட்லி அடுப்பைப் பற்றவைக்க எழுந்தால் அவள் பாய் சுருட்டிக் கிடக்கிறது. எப்படியடி என்று கேட்டேன். "ஓடணும்னு நெனைச்சா மலையாட்டம் தெரியுது அத்தே. அதனால நெனைக்கிறதே இல்ல. ராத்திரியே ஷூவை பாய்கிட்ட வச்சிடுறேன். கண்ணு தெறந்ததும் அதுல கால வுடறது மட்டும்தான் என் வேலை. மிச்சத்த ஷூ பாத்துக்கும்" என்றாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தந்தார்கள் என்று தெரியவில்லை. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தெருவில் பேசாமல் இருப்பார்களா. பால்காரர் துலுக்கானம் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இன்னா கெங்கம்மா, மருமவளை யாரு தொரத்திக்கினு வர்றாங்க?" என்று கேட்டார். இவள் நிற்காமலே திரும்பி, "உன் பால்ல ஊத்தின தண்ணி அண்ணாத்தே, வெள்ளமா வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது அவள் வரும் சத்தம் கேட்டால் அவரே சைக்கிளை ஓரம் கட்டி வழிவிடுகிறார்.

கோயில் குருக்கள் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். "வலமாத்தானே ஓடுறா, பிரதட்சிணம் மாதிரி நினைச்சுக்கிறேன்" என்றார். முதல் நாளே நான் சொல்லியிருக்கிறேன், எத்தனை சுற்று ஓடினாலும் சாமி உன் வலது கைப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று. ஒரு நாளும் மாற்றியதில்லை.

கோபுரத்தடியில் நின்று பார்க்கிறேன் சம்பந்தி. மதில் மூலையில் முதலில் சத்தம் வரும். அப்புறம் மூச்சு வரும். அதற்குப் பிறகுதான் அவள் வருவாள். இருட்டுக்குள்ளிருந்து அவளை யாரோ அந்த நிமிஷம்தான் செய்து அனுப்புகிற மாதிரி இருக்கும். ஆறு வருஷமாக என் வீட்டில் குனிந்து வாசல் பெருக்கின பெண்ணா இது என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

முட்டிக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுங்கள். பதில் போடவும்.
கெங்கம்மாள்


திருமுல்லைவாயில்
19-6-94

சம்பந்தி அம்மாவுக்கு. சித்திரையில் போட்ட கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கவலையாக இருக்கிறது. இங்கே உடம்பில் ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

ஓட்டத்துக்கு வரச்சொல்லிக் கார்டு வந்துவிட்டது. ஆகஸ்டு 25. ஜமீலாவின் வீட்டுக்காரர் ஆவடித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே மைதானத்தில் விளையாட்டுக்காரர்கள் பழகுகிறார்கள், ஒரு நாள் அவர்களோடு ஓடிப் பார்க்கட்டும் என்று கேட்டு அனுமதி வாங்கித் தந்தார். போன ஞாயிறு போனோம்.

விசில் ஊதினார்கள். இவள் வழக்கம்போல வலது பக்கம் திரும்பினாள். மற்ற எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்கள். மைதானத்தின் அந்தப் பக்கத்தில் இவள் ஒருத்தி எதிரில் வர, அத்தனை பேரும் இவள் மேல் வந்து விழுந்தார்கள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஓட்டப்பந்தயம் என்றால் மைதானத்தை இடமாகத்தான் சுற்ற வேண்டுமாம். எங்கேயும் அதுதான் முறையாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்.

மறுபடி ஓடச்சொன்னார்கள். நேராகப் போகும்போது எல்லோருக்கும் முன்னால் போனாள். வளைவு வந்ததும் கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டி வெளியே வெளியே போய்ப் புல்லில் விழுந்தாள். அங்கே இருந்த மாஸ்டர் நல்ல மாதிரி. "வேகம் இருக்கும்மா. ஆனா செலக்‌ஷன்ல இப்படிக் கோட்டைத் தாண்டினா வெளிய அனுப்பிடுவாங்க. இந்தப் பழக்கத்தை மாத்து" என்றார்.

பழக்கினவள் நான்தானே. அவள் மேல் என்ன தப்பு.

துலுக்கானம் கேள்விப்பட்டு, "நம்ம ஊரு நந்தியே சாமிக்கு முதுவ காட்டிக்கினு குந்திகினு கீது. இவ திரும்பி ஓடினா சாமி கோச்சிக்குமா?" என்றார். எங்கள் கோயில் நந்தி அப்படித்தான், சாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இருந்தாலும் கோயிலை இடமாகச் சுற்று என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. வேறு இடம் பார்க்க வேண்டும்.

நலத்துக்கு ஒரு வரியாவது எழுதுங்கள்.
கெங்கம்மாள்


ஊத்துக்கோட்டை
30-6-94

சம்பந்தி அம்மாவுக்கு. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

கடிதம் போடாததற்குக் காரணம் உண்டு. சித்திரையிலேயே நாகப்பன் வீட்டாரோடு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டுவிட்டேன். ஆவணி வரை என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்ததை எப்படி எழுதுவது என்று இருந்தேன். இப்போது எழுதத் தயக்கமில்லை. சாமியே அவளைத் திருப்பி அனுப்புகிறது. போதும். பெண்ணை இன்னும் அலைய வைக்காதீர்கள்.

பேத்திக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.
வேம்புலியம்மாள்


திருமுல்லைவாயில்
10-7-94

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம். குழந்தை சுகம். வெற்றிலை பாக்கு விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்காது போலிருக்கிறது. அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டாள்.

விடியற்காலையில் எழுந்து ஷூவில் காலை விடுகிறாள். அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். வெளிச்சம் வந்ததும் கழற்றி வைத்துவிடுகிறாள். வெள்ளானூர்ப் பக்கம் ஏரி வற்றித் தரை கெட்டியாகக் கிடக்கிறது, அங்கே போய் இடமாகத் திரும்பிப் பழகலாம் என்று ஒரு நாள் கூட்டிப்போனேன். பாதி வளைவில் முகத்தை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள்.

கடைசியில் பெட்டிக்கடையில் புகையிலை வாங்கி வந்து அவள் கண்ணெதிரே உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். ரோஷம் வரும் என்று நினைத்தேன். "போட்டுக்கோங்க அத்தே. உங்களுக்காவது ஆறுதலா இருக்கும்" என்றாள். எனக்குப் போடப் பிடிக்கவில்லை. சாக்கடையில் கொட்டினேன்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். "எடப்பக்கம் திரும்பினாலே நம்ம வாசல்ல அவரு படுத்துக்கினு கீறது தெரியுது."

வாய்க்கரிசி போட அவனை நாங்கள் இடமாகத்தானே சுற்றி வந்தோம். அவள் முன்னால் போனாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். இதற்கு மேல் அவளிடம் என்ன கேட்பது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கெங்கம்மாள்


திருமுல்லைவாயில்
31-7-94

சம்பந்தி அம்மாவுக்கு. ஆடிக் காற்றில் ஓட்டுவீட்டுக்காரர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மற்றபடி நலம். ஊரில் கூழ் ஊற்றிவிட்டார்களா.

பஞ்சவர்ணம் மறுபடி ஓடுகிறாள். வெள்ளானூர் ஏரியில், இடமாக. முதலில் நடந்தாள், அப்புறம் மெதுவாக ஓடினாள், இப்போது வளைவில் கோட்டை மிதிப்பதில்லை. எப்படி என்று கேட்காதீர்கள். ஏதோ நடந்தது, நல்லபடியாக நடந்தது.

ஒரு பழக்கத்தை ஏற்படுத்துவது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். ஏற்பட்டதைக் கலைத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றைக் கட்டுகிறாளே, அதை என்னவென்று சொல்வது. என் அடுப்பைத் தென்பக்கமிருந்து வடபக்கம் மாற்றினதற்கே நான் ஒரு மாசம் தடுமாறினேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.
கெங்கம்மாள்


திருமுல்லைவாயில்
7-8-94

அன்புள்ள அம்மாவுக்குப் பஞ்சவர்ணம் எழுதுவது. நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். உன் முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

நாகப்பன் வீட்டோடு வெற்றிலை மாற்றியதாக ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த பூக்காரி சொல்லித்தான் தெரியும். அத்தை சொல்லவில்லை. உன்மேல் கோபம் இல்லை அம்மா. ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எழுதாதே என்று அத்தை சொன்னதை மீறி எழுதுகிறேன்.

நான் நின்றுபோனதற்கு அடுத்த வாரம் அத்தை ஒரு பழைய சட்டியில் சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு என்னை ஏரிக்கு இழுத்துப் போனார்கள். தரையில் பெரிய வட்டமாகக் கோடு போட்டார்கள். போட்டுவிட்டு நடுவில் போய் நின்றுகொண்டார்கள். "சுத்துடி" என்றார்கள்.

"இன்னாத்த சுத்தறது?"

"என்னைத்தான். கோயில இடமா சுத்தக் கூடாது. நான் இன்னா சாமியா?"

"உசுரோட கீறவங்கள யாராவது அப்பிடி சுத்துவாங்களா அத்தே? வேணாம். வாங்க ஊட்டுக்குப் போலாம்" என்று அழுதேன்.

அவர்கள் நகரவில்லை. "என் புள்ளைய சுத்தினப்போ அவன் எழுந்துக்கல. நான் நின்னுக்கினு கீறேன் பாரு. நீ போற பக்கமெல்லாம் நானும் திரும்புறேன். பயந்தா என் மூஞ்சியப் பாத்துக்கினே ஓடு" என்றார்கள்.

முதல் சுற்று அழுதுகொண்டே நடந்தேன். நான் நகர நகர அவர்களும் நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டு வந்தார்கள். கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. இப்போது தினமும் இப்படித்தான். இடது பக்கம் திரும்பினால் அவர் தெரிவதில்லை அம்மா, அத்தை தெரிகிறார்கள். சில நாள் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் நின்றால், "இன்னாடி வேடிக்கை, ஓடு" என்று தரையில் இருந்தபடியே திட்டுகிறார்கள்.

தனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர்கள் ஒரு பேச்சுக்கும் சொல்லவில்லை. எனக்கு ராத்திரி எல்லாம் அதுதான் பயம். 25ஆம் தேதி வரைக்கும் நீயும் அவர்களுக்காக வேண்டிக்கொள்.

உன் மகள்
பஞ்சவர்ணம்


திருமுல்லைவாயில்
21-8-94

சம்பந்தி அம்மாவுக்கு. நீங்களும் வீட்டாரும் சுகம்தானே. கண்ணம்மாவுக்கு மூன்று நாளாக ஜுரம், இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. அதனால் வியாழக்கிழமை ஓட்டத்துக்கு நான் போக முடியாது. ஜமீலா துணைக்குப் போகிறாள்.

அவள் உங்களுக்கு ஏதோ எழுதிவிட்டதாகச் சொன்னாள். அதைப் படித்துவிட்டு நீங்கள் பேசாமல் இருப்பது எனக்கு எப்படியோ இருக்கிறது. நான் செய்தது தப்பென்று நினைத்தால் திட்டியாவது எழுதுங்கள்.

சொன்ன சொல் மாற மாட்டேன். புடவை எடுத்து வைத்திருக்கிறேன், கத்தரிப்பூ நிறம். அவளுக்குப் பிடிக்கும். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதன்மேல் வேறு துணியைப் போட்டு மூடிவிடுகிறேன்.
கெங்கம்மாள்


ஊத்துக்கோட்டை
27-8-94

என் சம்பந்தி கெங்கம்மா அவர்களுக்கு வேம்புலி வணங்கி எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து விளக்கு வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். குழந்தைக்கு ஜுரம் விட்டதா.

வியாழக்கிழமை நான் மைதானத்துக்கு வந்தேன். பஞ்சவர்ணத்துக்கும் தெரியாது, ஜமீலாவுக்கும் தெரியாது. நாகப்பன் வீட்டார் காத்திருக்கிறார்கள், தோற்றதும் அங்கேயே கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிடலாம் என்றுதான் புறப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

உள்ளே விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே வளைவுப் பக்கம் நின்றேன். எவ்வளவு பெண்கள். வரிசை வரிசையாக விட்டார்கள். சில பிள்ளைகள் பாதியிலேயே உட்கார்ந்தன. ஒன்று என் எதிரிலேயே வாந்தி எடுத்தது. இவளும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த விசிலுக்கு ஒரு கூட்டம் வந்தது. வளைவில் எல்லோரும் தோளும் தோளும் இடித்துத் தள்ளாடினார்கள். ஒருத்தி மட்டும் கோட்டை ஒட்டி, இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, மைதானத்தின் நடுவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அங்கே யாரும் இல்லை. ஆனால் யாரோ நிற்கிற மாதிரிப் பார்த்தாள். முகத்தில் வேதனையே இல்லை சம்பந்தி. தரை அவளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தது. என்னைத் தாண்டிப் போன பிறகுதான் அது நான் பெற்ற பெண் என்று பிடிபட்டது. கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததில் கையில் கீறல் விழுந்ததுகூட வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவள் பேரைச் சொன்னார்கள். ஜமீலா அவளைக் கட்டிக்கொண்டாள். இன்னும் எழுத்துப் பரீட்சை இருக்கிறதாம். அதில் தேறுவாளோ மாட்டாளோ, வேலை வருமோ வராதோ, எனக்குத் தெரியாது. எனக்கு அவள் எதிரில் போய் நிற்க முகமில்லை. திரும்பும் வழியில் நாகப்பன் வீட்டில் இறங்கி வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாலு வார்த்தை கேட்டார்கள். கேட்டுக்கொண்டேன். அந்தப் புடவையை அவள் உத்தியோகத்துக்குப் போகிற வரைக்கும் வைத்திராமல் இன்றைக்கே கட்டச் சொல்லுங்கள். பேத்திக்கு ஜுரம் நின்றதும் மூன்று பேரும் இங்கே வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கள்.

ஒன்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அவள் வளைவைக் கடந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு பொம்பளை மோவாயில் கை வைத்து, "எம்மாடி, யாரு ஊட்டுப் பொண்ணும்மா இது, இன்னா ஓட்டம் ஓடுது" என்று என்னைக் கேட்டாள். என் பொண்ணு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"முல்லைவாயில் கெங்கம்மா மருமவ" என்றேன்.

இப்படிக்கு
வேம்புலியம்மாள்